காந்தியிலிருந்து ராஜாக்களுக்கு

சென்னை ஓவியத்தில் சர்ரியலிசம் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருபவர் கே. ராமானுஜம். தொப்பி போட்ட மனிதன், விசித்திர விலங்குகள், கனவில் மட்டுமே கட்ட முடிகிற மாளிகைகள். 1973இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் படித்த அதே ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த இன்னொருவரை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. துறையூர் பக்கத்துக் கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம்.

சேர்க்காதது நியாயம்தான். ஆதிமூலம் கனவை வரைந்தவர் அல்ல. ஆனால் அவருடைய ராஜாக்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: இது கெட்ட கனவு இல்லாமல் வேறென்ன?

கதை காந்தியில் தொடங்குகிறது. சென்னைக்கு வந்த கிராமத்துப் பையனுக்குச் சிற்பி எஸ். தனபால் வழிகாட்டினார். 1966இல் கல்லூரிப் படிப்பு முடிந்தது. 1969இல் காந்தி நூற்றாண்டு. அதையொட்டி காந்தியை மட்டும் நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். மறைக்க நகையும் இல்லை, பட்டும் இல்லை. உடம்பு, கைத்தடி, நடை, அவ்வளவுதான். கோட்டுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை இருக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் ராஜாக்கள் வந்தார்கள். கிரீடம், மீசை, ஆபரணம், அடுக்கடுக்கான உடுப்பு. பேனாக் கோடு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து பின்னிக்கொண்டே போகிறது. அலங்காரம் கூடக் கூட, உள்ளே இருக்கும் ஆள் சிதைகிறான். காந்தியிடம் எடுக்க எடுக்க மனிதன் தெரிந்தான். இங்கே சேர்க்கச் சேர்க்க மனிதன் காணாமல் போகிறான். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே தொடர்தான்.

1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கையில் கேட்டதும், அறிவின் மேற்பார்வை இல்லாமல் மனம் தானாக ஓட வேண்டும் என்பதைத்தான். ஆதிமூலத்தின் கோடும் தானாக ஓடுவது போலத் தெரியும். ஆனால் அது போய்ச் சேருகிற இடம் ஆழ்மனம் இல்லை, வரலாறு.

துறையூர் ஒரு ஜமீன் ஊர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. அப்போது ஆதிமூலத்துக்குப் பத்து வயது. மன்னர் மானியம் 1971இல் ஒழிந்தது. பட்டம் போன பிறகும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தவர்களைப் பார்த்த தலைமுறை அது. ராஜாக்கள் அங்கிருந்துதான் வந்தார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவருக்கு, காலியான அதிகாரம் எப்படியிருக்கும் என்று பாரீஸ் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னாளில் அவர் வண்ணத்துக்குப் போனார். உருவமே இல்லாத பெரிய அரூப ஓவியங்கள். கோட்டை மட்டும் விடவில்லை. சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்தார், தலைப்பு எழுத்துகளை வடிவமைத்தார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ வந்தபோது அதற்குப் படம் அவருடையது. கேலரி வாசலை மிதிக்காதவர்கள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நவீன ஓவியரைப் பார்த்தார்கள். ‘நவீன ஓவியம் புரியாது’ என்று அவர்களில் யாரும் பத்திரிகையை மூடி வைத்ததாகத் தெரியவில்லை.

2008 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, அவர் இறந்தார். ராமானுஜம் நிஜத்திலிருந்து தப்பிக்கக் கனவை வரைந்தார். ஆதிமூலம் நிஜத்தையே உற்றுப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் அதுவும் கனவு மாதிரிதான் இருந்தது.