கிங்ஸ் இந்தியனும் கல்கத்தா பிராமணரும்

ஞாயித்துக்கிழமை திண்டிவனத்துலயோ விழுப்புரத்துலயோ ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஹாலில் செஸ் போட்டி என்றால் ஆஜராகிற கோஷ்டி நான். ரேட்டிங் எல்லாம் கேக்காதீங்க. வெள்ளைக்காய் வந்தால் டி4, அதாவது ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுகிறவன். இப்படி ஆடுகிறவர்களுக்குத் தெரியும், நம்ம வயித்துல புளியைக் கரைக்கிற ஓப்பனிங் எதுன்னு. கிங்ஸ் இந்தியன்.

எதிராளி நடு மைதானத்தை அப்படியே நமக்கு விட்டுக் கொடுத்துவிடுவார். குதிரை எஃப்6, சிப்பாய் ஜி6, பிஷப் ஜி7, காஸ்லிங். அவ்வளவுதான். 'இப்ப என்ன பண்ணுவே?'ன்னு உட்கார்ந்திருப்பார். நாம குஷியாக சிப்பாய்களை வரிசையாக முன்னே தள்ளுவோம். பத்து பன்னிரண்டு நகர்த்தல் கழிச்சு இ5, எஃப்5 என்று வெடி வைப்பார். அப்புறம் நம்ம ராஜா தலைக்கு மேலதான் ஆட்டம் நடக்கும்.

இதை முழுக்க ரஷ்யாக்காரர்கள் சரக்கு என்றுதான் நம்மில் பல பேர் நினைக்கிறோம். ப்ரான்ஸ்டீன், பொலஸ்லாவ்ஸ்கி ரெண்டு பேரும் 1940களில் இதைத் தூக்கி நிறுத்தினார்கள், வாஸ்தவம். ஆனால் பெயரில் 'இந்தியன்' எப்படி வந்தது?

நம்ம ஊர்களில் முன்னே ஆடின சதுரங்கத்துக்கு வேற சட்டம். சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் ரெண்டு கட்டம் கிடையாது, ஒண்ணுதான். காஸ்லிங் கிடையாது, அதுக்குப் பதிலாக ராஜா, செக் வாங்காமல் இருந்தால், ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். சின்னச் சின்ன வித்தியாசம் ஊருக்கு ஊர் உண்டு. எந்த எல்லைச் சண்டையும் சட்டுனு வராது. அதனால் ஆட்டக்காரர்கள் சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, பிஷப்பை ஓரத்தில் வைத்து, வீட்டைக் கட்டி முடிச்சுட்டுத்தான் சண்டைக்கு வருவார்கள். டி6, ஜி6 எல்லாம் அவங்களுக்குத் தியரி இல்லை, பழக்கம். திண்டிவனத்துப் போட்டிகளில் இன்னமும் இப்படி ஆடுகிற பெரியவர்களைப் பார்க்கலாம். "தம்பி, அவசரப்படாதீங்க, நான் எங்கேயும் போகல" என்பார்கள். புத்தகம் படிச்ச பையன்கள் வேர்த்துப் போவார்கள்.

இப்போ கல்கத்தா. ஜான் கோக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே வக்கீல். லண்டனில் ஸ்டான்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடினவர், சாதாரண ஆள் இல்லை. கிராமப் பக்கம் ஒரு பிராமணர் இருக்கிறார், அவரை யாரும் ஜெயிச்சதே இல்லை என்று 1848 வாக்கில் பேச்சு. அவர்தான் மொஹேஷ்சந்திர பானர்ஜி. ரெண்டு பேரும் வருஷக்கணக்கில் ஆடினார்கள். பானர்ஜி கறுப்பில் ஆடினபோது நம்ம தலைவலி ஓப்பனிங்கின் அடிப்படை அமைப்பு அப்படியே வந்திருக்கிறது. இந்த ஆட்டங்களிலிருந்துதான் 'இந்தியன் டிஃபென்ஸ்' என்ற பேச்சே கிளம்பியது. ஜெயிச்ச கணக்கில் கோக்ரேன்தான் மேலே, அதையும் சொல்லிடணும்.

எனக்குக் கடுப்பான விஷயம் ஒண்ணு உண்டு. 1855 மே மாசம் நடந்த ஒரு ஆட்டத்தில் பானர்ஜி குதிரை எஃப்6, ஜி6, அடுத்து டி5 என்று ஆடியிருக்கிறார். இன்னைக்கு அதுக்குப் பேர் க்ரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ். ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் அதைப் பெரிய போட்டிகளுக்குக் கொண்டு வந்தது 1922ல். 67 வருஷம் முந்தினவர் பெயர் எந்த ஓப்பனிங்கிலும் இல்லை. பெயரை எழுதுவதிலேயே ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங்!

பஞ்சாபில் பிறந்த சுல்தான் கானும் நம்ம சட்டத்தில்தான் வளர்ந்தார். 1929, 1932, 1933 என்று மூணு தடவை பிரிட்டிஷ் சாம்பியன். ஹேஸ்டிங்ஸில் காபபிளாங்காவையே ஜெயிச்சார். ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024ல். சீக்கிரமே கொடுத்துட்டாங்க :-)

தமிழ்நாட்டில் ஓப்பனிங்கை உட்கார்ந்து படிக்கிற பழக்கம் வேரூன்றினதில் மேனுவல் ஏரனுக்குப் பெரிய பங்கு. 1961ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர், ஒன்பது தடவை தேசிய சாம்பியன். 1972ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் ஆரம்பித்தது. ஆனந்த் சின்னப் பையனாக ஆடப் போனது அங்கேதான். அதுக்கப்புறம் ஒரு கட்டம் நகர்த்துகிற ஆட்டம் மெள்ள மறைஞ்சு போச்சு.

சரி, வெள்ளையில் ஆடுகிறவன் என்ன பண்றது? உச்சியில் க்ராம்னிக் ஒரு வழி காட்டினார். பி4 தள்ளி ராணிப் பக்கம் கிடுக்கிப்பிடி, பேயனெட் அட்டாக் என்று பேர். 1997ல் நோவ்கோரோத்தில் காஸ்பரோவ் அதில் தோற்றார், பிறகு கிங்ஸ் இந்தியனை கிட்டத்தட்ட மூட்டை கட்டி வைத்தார். ஆனால் அதை ஆட மனப்பாடம் நிறைய வேணும். ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரனுக்கு அது கட்டுப்படியாகாது. நான் இப்போ ஆடுகிறது டி4, சி4க்கு அப்புறம் அடக்கமாக இ3, பிஷப் இ2, காஸ்லிங், சமயம் பார்த்து பி4. நாம சிப்பாயை ரொம்ப தூரம் ஓட்டாவிட்டால் அவருக்கு வெடி வைக்க இலக்கு குறைவு. பெரியவர் பொறுமைக்குப் பொறுமைதான் மருந்து.

இது புதுசும் இல்லை. அந்த 1855 ஆட்டத்தில் கோக்ரேனும் இ3, பிஷப் இ2 என்றுதான் அடக்கமாக வந்தார். நடுவைப் பிடிச்சு, யானையை மேலே கொண்டு வந்து, குதிரையை எஃப்7ல் இறக்கினார். பானர்ஜியின் 18வது நகர்த்தலுக்கு அப்புறம் மூணே நகர்த்தல். இரட்டைச் செக், ஜி8ல் ராணி பலி, குதிரையால் மேட். கறுப்பு ராஜா மூலையில் நகர முடியாமல் நிற்க, வழியை அடைச்சது அவருடைய சொந்தக் காய்களேதான்: ஜி8ல் யானை, எச்7ல் சிப்பாய், அப்புறம் ஜி7ல் அந்த பிஷப்.