சிங்கப்பூரில் கணிப்பொறியும் தண்ணீரும்

நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வடக்கே அமைந்துள்ள சிங்கப்பூருக்குக் கோடைக்காலம், குளிர்காலம் என்னும் வேறுபாடு இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே வெம்மை. காற்றிலோ எந்நாளும் ஈரம். இத்தகைய மண்ணில் வாழ வந்தவர்கள் நிழலையும் தண்ணீரையும் தேடியே தம் வாழ்வை அமைத்துக் கொண்டனர். ஆகவே, இந்நாட்டின் வரலாற்றைக் குளிர்ச்சி தேடிய வரலாறு என்று கூறினும் பொருந்தும். அவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயமே வீட்டுக் கணிப்பொறிக்குத் தண்ணீர் பாய்ச்சும் கலையாகும். அது இளைஞர்தம் பொழுதுபோக்கு எனச் சிலர் எண்ணலாம். நாட்டின் பொருளாதாரத்தையே ஒரு பிற்பகலில் திகைக்கச் செய்த ஒரு பாடம் அதனுள் அடங்கியிருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முன்னோர் தேடிய குளிர்ச்சி

இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் கால்நடைத் தொழுவங்கள் நிறைந்த பகுதி. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கே எருமைப் பட்டி என்பது பொருள். ரோச்சோர் ஆற்றை அண்டிய தாழ்நிலமும் புல்லும் நீரும் கால்நடைகளுக்கு ஏற்றனவாக இருந்தமையால் அத்தொழில் அங்கே வேரூன்றிற்று. நகரின் மற்றொரு புறத்தில், மாட்டு வண்டிகளில் தண்ணீர் ஏற்றிச் சென்ற நினைவு கிரேத்தா ஆயர் என்னும் இடப்பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது.

1854ஆம் ஆண்டில் வாம்போவா என மக்கள் அழைத்த ஹூ ஆ கே என்னும் வணிகர் சிங்கப்பூரில் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றை நிறுவி, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை விற்க முனைந்தார். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற பெயரில் 1842இல் எழுந்த கட்டடத்தின் வரலாறும் இத்தகையதே. வாம்போவாவின் முயற்சியோ நெடுநாள் நிலைக்கவில்லை. உருகிப் போகும் பொருளைச் சேமித்து வைத்துக் குளிர்ச்சி பெறுவது எளிதன்று என்பது அதனால் விளங்கிற்று.

தண்ணீரின் கதை அதனினும் படிப்பினை மிக்கது. நகருக்கு நன்னீர் கொணர 1857இல் டான் கிம் செங் என்னும் வள்ளல் 13,000 வெள்ளி வழங்கினார். நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிந்தது. ஆயினும், நீரை ஏற்றி அனுப்பும் பம்புகளும் வழங்கு குழாய்களும் 1878இல்தான் நிறைவெய்தின. பத்தாண்டுக் காலம் தண்ணீர் இருந்தும் தாகம் தீரவில்லை. தண்ணீர் இருப்பது வேறு, அது வேண்டிய இடத்திற்கு ஓடுவது வேறு என்னும் இவ்வுண்மையைப் படிப்போர் நினைவில் இருத்துவாராக. கணிப்பொறிக்கும் இதுவே முதற்பாடம்.

எண்ணும் பொறியின் வெம்மை

கணிப்பொறி எண்ணும்போது வெப்பம் உண்டாகிறது. அது உட்கொள்ளும் மின்னாற்றல் முழுவதும் ஈற்றில் வெம்மையாகவே வெளிப்படுகிறது. 1964இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த 360 வரிசையின் உயர்நிலைப் பொறிகளிலேயே தண்ணீரின் துணை நாடப்பட்டது. 1980இல் அறிமுகமான அந்நிறுவனத்தின் 3081 பொறியில், நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் ஒரு பீங்கான் தகட்டின்மேல் அமைந்தன. ஒவ்வொரு சில்லின்மேலும் ஒரு சிறு உலோகத் தண்டு அழுந்தி நின்றது. இடைவெளியை ஹீலியம் வாயு நிரப்பிற்று. மேலே குளிர்நீர் ஓடிற்று. 1985இல் வெளிவந்த கிரே-2 பொறியோ, மின்சாரத்தைக் கடத்தாத ஒரு திரவத்தில் முழுவதும் அமிழ்ந்தே இயங்கியது.

1990களின் நடுவில் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில்லு வகை பெரிய பொறிகளிலும் இடம்பிடிக்கவே, தண்ணீர்க் குழாய்கள் ஒருவாறு ஒதுங்கின. ஆனால், அது சிறு இடைவேளையே. சில்லுகளின் வேகமும் நெருக்கமும் பெருகப் பெருக, ஒதுங்கிய வெம்மை வீட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது.

1998இல் வெளிவந்த செலரான் 300ஏ என்னும் மலிவான செயலியை 300 மெகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டலாம் எனக் கண்ட ஆர்வலர்கள் உலகெங்கும் அதனைப் பின்பற்றினர். விதித்த வேகத்தை மீறினால் வெம்மையும் மீறும். எனவே அவர்கள் மோட்டார் வண்டியின் ரேடியேட்டரையும் மீன்தொட்டிப் பம்பையும் கொண்டு தாமே குளிர்விப்பு அமைப்புகளைச் செய்து கொண்டனர். நிறுவனங்கள் அதற்கென உறுப்புகளைச் செய்து விற்கத் தொடங்கியது அதன் பின்னரே.

ரோச்சோர் கால்வாயின் கரையில்

சிங்கப்பூர் இத்துறைக்குப் புதியதன்று. 1968இல் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் இங்கே தொழிற்சாலை அமைத்தது. 1981இல் தேசியக் கணிப்பொறி வாரியம் தோன்றியது. அதே 1981இல்தான் சிம் வோங் ஹூ என்பவர் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறு பழுதுபார்க்கும் கடையைத் தொடங்கினார். 1989இல் வெளிவந்த அவருடைய சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டை உலகப் புகழ் பெற்றது.

பொதுமக்கள் உறுப்புகளை நாடிச் சென்ற இடம் சிம் லிம் ஸ்குவேர். 1987இல் எழுந்த அக்கட்டடம் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ரோச்சோர் கால்வாயை ஒட்டி நிற்கிறது. எதிர்ப்புறம் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் மின்னணுச் சிற்றுறுப்புகளுக்குப் பெயர் பெற்றது. அருகில் சுங்கை ரோட்டின் பழம்பொருள் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வரை இயங்கியது. எருமைகள் நீர் தேடி நின்ற அதே வட்டாரத்தில், கணிப்பொறிக்கு நீர்க்குழாய் தேடி இளைஞர் வந்தனர் என்பது வரலாற்றின் இனிய பொருத்தம்.

உறுப்புகளைத் தேரும் முறை

தண்ணீரை ஏன் நாட வேண்டும் என்னும் வினா முதலில் எழும். ஒரே கொள்ளளவுள்ள காற்றைக் காட்டிலும் தண்ணீர் மூவாயிரம் மடங்கிற்கு மேல் வெப்பத்தைத் தாங்கிச் செல்லும். சில்லுகள் 300 வாட் வெம்மையை வெளியிடுவதாகவும், நிமிடத்திற்கு 4 லிட்டர் தண்ணீர் ஓடுவதாகவும் கொண்டு கணக்கிட்டால், ஒரு சுற்றில் தண்ணீரின் வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரி மட்டுமே உயரும். ஆகவே, எந்த உறுப்புக்குப் பின் எந்த உறுப்பு வர வேண்டும் எனப் பலர் மயங்குவது தேவையற்றது. சிறு தொட்டி பம்புக்கு முன்னும் அதனினும் உயரத்திலும் இருந்தால் போதும். பம்பு நீரின்றி ஓடாது.

சில்லின்மேல் அமரும் உறுப்பை வாட்டர் பிளாக் என்பர். அதன் அடித்தகடு செம்பாகவோ நிக்கல் பூசிய செம்பாகவோ இருத்தல் நன்று. வெம்மையை வெளிக்கொணரும் ரேடியேட்டரும் செம்பு, பித்தளை ஆகியவற்றால் ஆனதாக இருக்க வேண்டும். மலிவு கருதி அலுமினிய ரேடியேட்டரைச் செம்புத் தகட்டுடன் இணைப்பது பெரும் பிழை. இருவேறு உலோகங்கள் ஒரே நீரில் தொடர்பு கொள்ளும்போது அவ்வமைப்பு ஒரு மின்கலத்தைப் போல இயங்கும். வலுக்குறைந்த அலுமினியம் சிறுகச் சிறுக அரிக்கப்படும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர் கற்கும் வேதியியலே இங்கு வீட்டிற்குள் வந்து நிற்கிறது.

ரேடியேட்டரின் அளவிற்கும் ஒரு பொதுக்கணக்கு உண்டு. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று பொருந்தும் பரப்புக்கு 100 முதல் 150 வாட் வரை எனக் கொள்வர். 300 வாட் பொறிக்கு மூன்று விசிறிகள் பொருந்தும் ரேடியேட்டர் வைத்தால் விசிறிகள் மெல்லச் சுழலும்; ஓசையும் அடங்கும். ஒரே அறையில் ஒருவர் உறங்க மற்றொருவர் படிக்கும் அடுக்குமாடி வீடுகளில் ஓசை அடங்குவது சிறிய நன்மையன்று.

குளிர்நீரைத் தேரும் முறை

அடுத்து, குழாய்களில் ஓடும் நீர் எது என்பது. குழாய்நீர் குடிக்கத் தக்கதாயினும் இதற்கு ஆகாது. அதில் கரைந்துள்ள உப்புகள் நுண்ணிய பள்ளங்களில் படியும். காய்ச்சி வடித்த நீரே அடிப்படை. தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பது உண்மை. ஆயினும், உலோகங்களைத் தொட்டு ஓடும் நீர் அவற்றின் அயனிகளை ஏற்று விரைவில் அத்தூய்மையை இழந்துவிடும். கசிந்தாலும் தீங்கில்லை எனக் கருதி அயர்தல் கூடாது.

காய்ச்சி வடித்த நீரில் பாசியும் நுண்ணுயிரும் தோன்றாதிருக்க ஒரு கொல்லியும், உலோகம் அரியாதிருக்க ஒரு தடுப்பானும் சேர்க்க வேண்டும். சில ஆயத்தக் கலவைகளில் கிளைக்கால் உண்டு. எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் புரொப்பிலீன் கிளைக்கால் கலவையே ஏற்றது. பால்போலத் தோன்றும் வண்ண நீர்மங்கள் கண்ணைக் கவரும். எனினும், அவற்றில் மிதக்கும் நுண்துகள்கள் நாளடைவில் பள்ளங்களை அடைத்துக்கொள்வதுண்டு. அழகைவிட ஓட்டமே முதன்மை என்பார் நிறமற்ற நீரையே தேர்வர்.

அமைப்பை முடித்ததும் பம்பை மட்டும் தனியே ஒரு நாள் ஓடவிட்டு, இணைப்புகளின்கீழ் உறிஞ்சு தாள் விரித்துக் கசிவைச் சோதிப்பது முறை. ஆண்டிற்கு ஒருமுறை நீரை மாற்றுதல் நலம். வடித்த நீரை வாளியில் தேக்கி வைப்பது இந்நாட்டில் கொசுவுக்கு விருந்தாகும் என்பதையும் மறத்தலாகாது.

சிங்கப்பூரின் வானிலை விதிக்கும் எல்லை ஒன்றும் உண்டு. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாயினும் தண்ணீரை அறைக்காற்றினும் குளிர்ச்சியாக்க இயலாது. அறை 30 டிகிரியாயின் நீர் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். இதனைப் பொறாது, பனிப்பொறி கொண்டு நீரைக் குளிரச் செய்வார் மற்றோர் இடர்ப்பாட்டைச் சந்திப்பர். 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காட்டு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே உள்ள பரப்பைத் தொட்டதும் வியர்வைபோல் நீர் கோக்கும். குளிர் நாட்டார் எழுதிய கைந்நூலை அப்படியே பின்பற்றுவோர் குழாயின் உள்ளிருக்கும் நீருக்கு அஞ்சிக் காத்து, வெளியிலிருந்து வரும் நீரால் பொறியை இழப்பர்.

ஒரு பிற்பகல் கற்பித்த பாடம்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், சனிக்கிழமை. தீபாவளிக்கு நான்கு வாரங்களே இருந்தன. பிற்பகலில் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் மின்னிலக்கச் சேவைகளும் பணப்பொறிச் சேவைகளும் தடைப்பட்டன. ஏறத்தாழ 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறாது போயின எனப் பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கைப்பேசியால் பணம் செலுத்தப் பழகிய மக்கள் கடைகளில் திகைத்து நின்றனர்.

காரணம் யாது? எதிரியின் சூழ்ச்சியன்று, மென்பொருளின் பிழையுமன்று. அவ்வங்கிகள் பயன்படுத்திய தரவு மையத்தில், குளிர்விப்பு அமைப்பை மேம்படுத்தும் பணியின்போது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடுமாறு தவறான கட்டளை ஒன்று சென்றுவிட்டது. தொட்டிகள் இருந்தன. ஆனால், தண்ணீர் ஓடவில்லை. வெப்பம் ஏறிற்று, பொறிகள் நின்றன. 1868இல் நிறைந்தும் நகருக்குப் பயன்படாத நீர்த்தேக்கத்தின் கதை 155 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே பயன்படுத்தின. இதனை எண்ணியே அரசு 2019 முதல் புதிய மையங்களுக்கு இடைநிறுத்தம் விதித்து, 2022இல் கட்டுப்பாடுகளுடன் அதனைத் தளர்த்தியது. 2023இல், பொறிகளை 26 டிகிரியிலும் அதற்கு மேலும் இயக்க வழிகாட்டும் தரநிலை வெளிவந்தது. வெம்மையை எதிர்த்து ஓயாது போரிடுவதினும், அதனோடு அளவாக இணங்கி வாழக் கற்பதே அறிவுடைமை என்பது அதன் சாரம்.

வீட்டுப் பொறியின் குழாயில் ஒரு லிட்டர் நீரே மீண்டும் மீண்டும் சுழல்கிறது. ஆனால், பெரிய மையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களில் நீர் ஆவியாகிப் போகிறது. அண்டை நாட்டிலிருந்தும், மழையிலிருந்தும், கடலிலிருந்தும், பயன்படுத்திய நீரை மறுசுத்திகரித்தும் தண்ணீர் பெறும் இந்நாட்டில் ஒவ்வொரு துளிக்கும் விலையுண்டு. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவரின் வைப்புமுறை, தண்ணீரின் இடம் யாது என்பதை நன்கு உணர்த்தும்.

தண்ணீர் வெம்மையை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்குக் கொண்டு செல்கிறது, அவ்வளவே. சில்லிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து குளிரூட்டி வழியே தெருவுக்கும் அது இடம்பெயர்கிறது. தெருவோ அனைவர்க்கும் உரியது. எனவே, ரோச்சோர் கால்வாயின் கரையில் செம்புத் தகட்டையும் ரேடியேட்டரையும் விலை பேசி நிற்கும் இளைஞன், எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும் என்பதோடு, எவ்வளவு வேகம் தனக்கு உண்மையில் வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணுவானாயின், அவன் நல்ல உறுப்புகளைத் தேர்ந்தவனாவான். நல்ல குடிமகனும் ஆவான்.