பித்தளைக் குழாயின் பளபளப்புக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு



புது வீடு கட்டுகிறவர்கள் பலர் இப்போது சமையலறைத் தொட்டிக்கு மஞ்சள் நிறப் பித்தளைக் குழாய் தேடுகிறார்கள். என் மருமகளும் கேட்டாள்: "அத்தை, பித்தளையிலேயே நாலு விதம் காட்டுறாங்க, எதை வாங்கலாம்?" கடைக்காரர் விலையைச் சொல்வார், பொருளின் கதையைச் சொல்ல மாட்டார். கதை தெரிந்தால் எதை வாங்குவது, எப்படித் துடைப்பது என்பது தானே விளங்கிவிடும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். கேட்க எளிது, செய்வது கடினமாக இருந்தது. துத்தநாகத் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சுமார் 1000 டிகிரி வரை சூடாக்கினால்தான் உலோகம் பிரியும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். உலையைத் திறந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ரோமானியர் காலம் முதல் தாதுவையும் கரியையும் செம்புத் துண்டுகளையும் மூடிய குகையில் போட்டுச் சுட்டார்கள். எழும் ஆவியைச் செம்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படிக் கிடைத்ததுதான் பழைய பித்தளை.

அந்த ஆவியைப் பிடித்து உலோகமாக்கும் வித்தையைப் பெரிய அளவில் செய்து காட்டியது நம் நாடு. ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகே ஜாவர் என்ற ஊர். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கத்திரிக்காய் வடிவில் மண்குடுவைகள் செய்து, ஓர் உலையில் 36 குடுவைகளைத் தலைகீழாக நிறுத்திச் சுட்டார்கள். ஆவி கீழ்நோக்கி இறங்கிக் குளிர்ந்து துத்தநாகமாகச் சொட்டியது. 1980-களில் அந்த உலைகளை அகழ்ந்து ஆராய்ந்தார்கள். பயன்படுத்தித் தீர்ந்த குடுவைகளையே செங்கல் போல அடுக்கி வீட்டுச் சுவர் கட்டியிருந்ததையும் அங்கே பார்க்கலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் சாம்பியன் இதே போன்ற முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1738-ல்தான். 1781-ல் ஜேம்ஸ் எமர்சன் செம்பையும் துத்தநாகத்தையும் நேரடியாக உருக்கிக் கலக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

குழாய்க்குப் பித்தளை ஏன்? இரும்பு போலத் துருப் பிடிக்காது. வார்ப்பதும் மரை வெட்டுவதும் எளிது. வெள்ளிபோல் மின்னும் நல்ல குழாயைச் சுரண்டினாலும் உள்ளே பெரும்பாலும் பித்தளைதான் இருக்கும். மேலே இருப்பது வெறும் பூச்சு.

பித்தளைக்கு ஒரு குணம் உண்டு. காற்றும் ஈரமும் பட்டால் கறுக்கும், புளிப்புப் பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். பாத்திரத்தின் உட்புறத்துக்கு ஈயம் பூசினோம். தெருவில் துருத்தியோடு வந்து உட்காருவார்கள், நவச்சாரப் புகை வீடுவரை வரும். அந்த ஈயம் வெள்ளீயம், நஞ்சான காரீயம் அல்ல. வெளிப்புறத்துக்குப் புளியும் சாம்பலும். வெள்ளிக்கிழமை விளக்கு, பொங்கலுக்கு அண்டா குண்டான், தீபாவளிக்குத் தவலை. என் அம்மாவின் விரல் இடுக்கில் அந்தக் கறுப்பு மாறியதே இல்லை. விடிகாலையில் தொடங்கினால் பகல் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வார். அந்த வேலைக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை.

இதனால்தான் 1920-களில் குரோமியம் பூசும் முறை அமெரிக்காவில் தொழிலாக வந்ததும் உலகமெங்கும் பரவியது. பித்தளைமேல் நிக்கல், அதன்மேல் குரோமியம். அந்தக் குரோமியப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. இருந்தாலும் கறுக்காது, ஈரத்துணி போதும். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு பிறகு எவர்சில்வராக நம் வீட்டுக்குள் வந்தபோது, பித்தளையை எடைக்குப் போட்டு மாற்றிய பெண்களைப் பலரும் குறை சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். தேய்த்த கைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இன்னொரு கதை. வெள்ளையர் ஆட்சியில் இங்கிருந்த ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களின் அருகே வைத்திருந்தவை அவை. சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்துதான் அழுத்தத்தில் இருந்த பித்தளையைப் பிளந்தன என்று 1921-ல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆகவே அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தைப் பித்தளைக் குழாய் அருகே கொண்டுபோகாதீர்கள்.

இனி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை.

1. பூச்சில்லாத பித்தளை: நாளடைவில் கறுத்துப் பழுப்பேறும். அது பிடித்தால் அப்படியே விடலாம். பளபளப்பு வேண்டுமானால் புளி போட்டுத் தேய்த்து, உடனே கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். புளி காய்ந்தால் திட்டு விழும்.

2. லேக்கர் என்னும் நிறமற்ற பூச்சு போட்டது: புளி, எலுமிச்சை, சாம்பல், நார் எதுவும் ஆகாது. மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் மட்டும். பூச்சு ஓரிடத்தில் உரிந்தால் அங்கே மட்டும் கறுத்து அசிங்கமாகும்.

3. பித்தளை நிறத்தில் மின்முலாம் பூசியது: தேய்க்கத் தேய்க்க முலாம் போய்விடும்.

4. பிவிடி பூச்சு: வெற்றிட அறையில் உலோக ஆவியைப் படிய வைப்பது. விலை கூடுதல், உழைப்பும் கூடுதல். போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளுக்கு நான் இதையே சொல்வேன், மருமகளுக்கும் இதையே சொன்னேன். இதிலும் உப்புத் திட்டு படியும், ஆனால் துணியால் துடைத்தால் போய்விடும். எந்தப் பூச்சுக்கும் கழிப்பறை ஆசிட் வேண்டாம்.

நிறத்தைவிட முக்கியமானது ஒன்று. எளிதாகக் கடைவதற்காகக் குழாய்ப் பித்தளையில் கொஞ்சம் காரீயம் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அது தண்ணீரில் கசியலாம், வளரும் குழந்தைகளின் மூளைக்குக் கேடு. அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர்க் குழாயின் தண்ணீர் படும் பாகங்களில் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் காரீயம் கூடாது. கடையில் நிறத்தைக் கேட்கும் வாயால் "காரீயம் குறைவானதா?" என்றும் கேளுங்கள். காலையில் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள், பிறகு குடிக்கப் பிடியுங்கள். சமையலுக்கும் அப்படியே.

பித்தளை திரும்பி வருவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் துடைக்கப்போவது யார் என்பதை வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பளபளப்பை விரும்புகிற ஆண்பிள்ளைகளும் துணியை எடுக்கலாம், கை ஒன்றும் கறுத்துவிடாது.

உங்கள் வீட்டில் பித்தளை தேய்த்த கை யாருடையது? பின்னூட்டத்தில் எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.