செஞ்சிக் கூத்தும் ஒலிநாடாவின் இரைச்சலும்

1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டான் செஞ்சியின் தேஜ்சிங். மக்கள் அவனைத் தேசிங்குராஜன் ஆக்கிக் கதைப்பாடலில் வாழ வைத்தனர். அக்கதையை முதலில் பாடியவரின் குரல் நமக்கு வாய்க்கவில்லை. எடிசனின் போனோகிராஃப் 1877இல்தான் பிறந்தது.

இந்தியாவில் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவானபோது, பாடகர் ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டார். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கும். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்கு அதில் ஏது இடம்? செஞ்சி வட்டாரமோ திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையம். மேலச்சேரிக் கோயிலை அவ்வழிபாட்டின் ஆதிக்கோயில் என்று போற்றுவர். இங்கே பாரதக் கூத்து ஓரிரவில் முடிவதில்லை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த கேசட், எண்பதுகளில் நம் சிற்றூர்களையும் எட்டியது. நீண்ட நிகழ்ச்சியை எவரும் பதியலாம் என்ற நிலை அதனால் வந்தது. ஆனால் பதிவுக்கூடத்தின் அகன்ற நாடா நொடிக்கு 38 செ.மீ. ஓடும், கேசட்டின் ஒடுங்கிய நாடா 4.76 செ.மீ. மட்டுமே. ஆகவே இரைச்சல் மிகுதி, உச்ச ஒலிகள் மங்கல். படியிலிருந்து படி எடுக்க எடுக்க இக்குறை பெருகும். அனலாக்கின் இயல்பு அது.

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து 16 பிட் எண்களாக எழுதியது. எண்ணைப் படியெடுத்தால் குறையாது. ஆனால் மங்கிய நாடாவை எண்ணாக்கினால் அம்மங்கலும் அப்படியே நிலைத்துவிடும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பழைய பதிவின் துணுக்கை எடுத்துப் புதிய இசையில் பொருத்தும் 'சாம்பிளிங்' கலை இவ்வேற்றுமையைத் தெளிவாக்குகிறது. 1987இல் வந்த எஸ்.பி.-1200 கருவி 12 பிட்டில், நொடிக்கு சுமார் 26,000 முறை மட்டுமே அளந்தது. மொத்த நினைவு பத்து விநாடி. அந்தச் சொரசொரப்பையே ஹிப்-ஹாப் கலைஞர்கள் விரும்பினர். இளையராஜாவின் 'தளபதி' (1991) படப் பாடலான 'காட்டுக்குயிலு' 2007இல் எம்.ஐ.ஏ.வின் 'பாம்பூ பங்கா'வில் ஒலித்தது இக்கலையால்தான். துணுக்கோடு அதைத் தாங்கிய ஊடகத்தின் குணமும் சேர்ந்தே வருகிறது.

கூத்தில் முகவீணையும் தாளமும் எழுப்பும் உச்ச ஒலிகள், கேசட்டின் இரைச்சல் இருக்கும் அதே பரப்பில்தான் இருக்கின்றன. கணினியில் இரைச்சலை ஒரே வீச்சில் துடைத்தால் முகவீணையின் கூர்மையும் போய்விடும். எனவே கேசட் வைத்திருப்போர் முதலில் செய்யவேண்டியது, கிடைப்பவற்றுள் மூலத்துக்கு மிக நெருங்கிய நாடாவைத் தேடுவது. பாடும் தலையைத் துடைத்து, கோணம் சரிபார்த்து, 24 பிட்டில் அப்படியே எண்ணாக்கிப் பத்திரப்படுத்துவது. துப்புரவெல்லாம் அதன் படியில்தான். முதல் எண்ணாக்கத்தில் இழந்ததைப் பின்னர் எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லுக்குக் காவல் கிடைத்துவிட்டது. கோட்டையைச் சுற்றிய ஊர்களின் குரல்களோ பழைய அலமாரிகளில் பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன. நாடா நம் வசதிக்காகக் காத்திருக்காது.