புட்டிங்

கோல்ஃப் ஆட்டத்தில் ‘கிரீன்’ எனப்படும் ஒட்ட வெட்டிய புல்தரையில் பந்தை உருட்டிக் குழியில் சேர்க்கும் அடி. இதற்கான மட்டை ‘புட்டர்’. குழியின் விட்டம் 4.25 அங்குலம், 1891இல் விதியான அளவு. ஒரு குழியை முடிக்க எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கையான ‘பார்’ கணக்கில், ஒவ்வொரு குழிக்கும் 2 புட் அடங்கும். ஆகவே பார் 72 உள்ள மைதானத்தில் சரிபாதி, 36 அடிகள், கிரீனுக்கே உரியவை. அப்படியிருந்தும் பலர் பயிற்சி நேரத்தை நெடுந்தூர அடிகளிலேயே செலவழிப்பது வருந்தத்தக்கது.

பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அது மட்டையில் படும் கணத்தில் மட்டை முகம் நோக்கும் திசை. இதைப் பழக எளிய வழி ஒன்று உண்டு: மட்டைத் தலை மட்டும் நுழையும் இடைவெளியில் பந்தை ஏற்றி வைக்கும் ‘டீ’ குச்சிகள் இரண்டை ஊன்றி, எதிலும் இடிக்காமல் அடிப்பது. நீண்ட புட்டுகளில் திசையைவிட வேகமே முக்கியம். மட்டையைப் பின்னால் எவ்வளவு கொண்டுபோகிறோம் என்பதைக் கொண்டே அதை அளக்க வேண்டும். மணிக்கட்டைச் சுண்டி அடிக்கக் கூடாது.

குட்டைப் புட்டும் ஏமாற்றும். 1970 பிரிட்டிஷ் ஓபனில், செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் கடைசிக் குழியில், வீரர் டக் சாண்டர்ஸுக்கு வெற்றிக்கு எஞ்சியது சுமார் 3 அடி தூரப் புட். பாதையில் ஏதோ கிடப்பதாக நினைத்துக் குனிந்து எடுத்தார். விலகி மறுபடி நின்று நிதானிக்காமல் அடித்தார். பந்து வலப்புறம் விலகியது. ஆட்டம் சமநிலையானது; மறுநாள் நடந்த பிளேஆஃபில் அவரை ஜாக் நிக்லஸ் வென்றார்.

விதி மாற்றத்தால், 2019 முதல் குழியில் நிற்கும் கொடிக்கம்பை எடுக்காமலும் கிரீனில் புட் செய்யலாம்.