3,300 இதழ்களை வெளியே அனுப்பிய அடைவு

என் காலேஜ் கடைசி வருஷ ப்ராஜெக்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். "பேப்பர் பப்ளிஷ் பண்ணினா மார்க் நல்லா வரும்"னு சீனியர்கள் சொன்னாங்க. நாலு பேர் காசு சேர்த்து ஒரு இதழுக்கு அனுப்பினோம். மூணே நாள், ஏற்றுக்கொண்டதாக மெயில். தலைப்பிலேயே ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அது அப்படியே அச்சேறியது. யாருமே அதைப் படிக்கலைங்கிறது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சது.

உண்மையான இதழ் எது, கல்லா கட்டுற இதழ் எது? இந்தக் கேள்வியில் மாட்டிக்கிட்டு மீண்ட ஒரு பட்டியலின் கதைதான் இன்னைக்கு: டி.ஓ.ஏ.ஜே., அதாவது கட்டணமில்லாமல் படிக்கக்கூடிய ஆய்விதழ்களின் இணைய அடைவு.

ஆராய்ச்சி எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கணும்னு 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. அடுத்த வருஷம் மே மாதம், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இந்த அடைவு தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் அங்கே நூலகங்களின் தலைவராக இருந்த லார்ஸ் பியோர்ன்ஸ்ஹவ்கே. முதலில் இருந்தவை சுமார் 300 இதழ்கள். அன்றைக்குப் பிரச்சினை போலிகள் இல்லை. இலவச இதழ்கள் ஆளுக்கொரு சர்வரில் சிதறிக் கிடந்தன, நூலகருக்கே கண்ணில் படவில்லை. அதனால் கதவை அகலமாகத் திறந்து வைத்தார்கள்.

வாசகரிடம் வாங்காத காசைச் சில இதழ்கள் எழுதுபவரிடம் வாங்க ஆரம்பித்தன. அந்த வழியில் மோசடிக்காரர்களும் உள்ளே வந்தார்கள். 2013 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் ஜான் பொஹானன் குண்டைத் தூக்கிப் போட்டார். வேண்டுமென்றே தப்புத்தப்பாக எழுதிய ஒரு புற்றுநோய் மருந்துக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பியிருந்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98 மட்டுமே நிராகரித்தன. பதில் முடிவு சொன்ன டி.ஓ.ஏ.ஜே. பதிப்பகங்களில் 45 சதவீதம் ஏமாந்தன. அவர் குறிவைத்த இதழ்களில் மூன்றில் ஒரு பங்கு நம்ம இந்தியாவைச் சேர்ந்தவை. அதைப் படிச்சப்போ எனக்கு அந்த மூணு நாள் மெயில்தான் ஞாபகம் வந்தது. (சந்தா இதழ்களுக்கு அவர் அனுப்பவே இல்லை. கண்ட்ரோல் குரூப் இல்லாத சோதனைங்கிற விமர்சனம் நியாயமானதுதான்.)

அந்த வருஷ ஆரம்பத்திலேயே அடைவு லுண்டை விட்டு ஒரு லாபநோக்கற்ற அமைப்பின் கைக்கு மாறியிருந்தது. 2014 மார்ச்சில் விதிகளை இறுக்கினார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களும் மறுபடி விண்ணப்பிக்கணும். நம்ம பாஷையில, பழைய யூசர் எல்லாரையும் லாக்-அவுட் பண்ணிட்டு "வெரிஃபை பண்ணிட்டு வா"ன்னு சொல்ற வேலை. 2016 மே மாதம், ஒழுங்காக மறுவிண்ணப்பம் தராத சுமார் 3,300 இதழ்களை நீக்கினார்கள். அவை எல்லாமே போலி இல்லை. படிவத்தை நேரத்தில் நிரப்பாமல் விட்டவையும் அதில் உண்டு. ஒரே ஒரு பேராசிரியர் ராத்திரி உட்கார்ந்து நடத்துற சின்ன இதழுக்கு அது பெரிய அடி. ஆனாலும் வேற வழி இருந்ததான்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் சந்தேக இதழ்களின் கருப்புப் பட்டியலைத் தனியாளாக நடத்தினார். 2017 ஜனவரியில் அது திடீர்னு காணாமல் போனது. டி.ஓ.ஏ.ஜே.யில் இப்போது 20,000க்கும் மேற்பட்ட இதழ்கள் இருக்கின்றன. இடம்பெற இதழ்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதில் தன்னார்வலர்களின் பங்கு பெரியது.

இந்த எபிசோடுக்காக எங்க பேப்பர் வந்த இதழை அதில் தேடினேன். இல்லை. அந்த இதழோட வெப்சைட்டே இப்போ திறக்கலை. பி.டி.எஃப். மட்டும் என் பழைய லேப்டாப்ல இருக்கு, தலைப்புப் பிழையோட.