ஒட்டிய கன்னமும் எடைக்குறைப்பின் வேகமும்

இருபது கிலோ குறைத்தவரிடம் உறவினர் முதலில் கேட்பது, "என்ன, உடம்புக்கு முடியலையா?" என்பதுதான். ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கும், மூட்டுவலி தணிந்திருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது டொக்கு விழுந்த கன்னம். எடை குறைக்கும் செமாகுளுடைடு ஊசி (வணிகப் பெயர் ஒசெம்பிக்) பரவியபோது நியூயார்க்கின் தோல் மருத்துவர் பால் ஜாரட் ஃபிராங்க் இதை 'ஒசெம்பிக் முகம்' என்று அழைத்தார். பெயர் நிலைத்தது, பழியும் மருந்தின் மேல் விழுந்தது. உணவுக் கட்டுப்பாட்டிலும் இரைப்பைச் சுருக்க அறுவையிலும் நிறைய எடை இழந்தவர்களுக்கு இதே முகவாட்டம் வருகிறது. எனவே எவ்வளவு எடை இறங்குகிறது, எவ்வளவு விரைவில் இறங்குகிறது, அதில் எது கரைகிறது என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை.

முகக் கொழுப்பு ஒரே படலமாகப் பரவியிருப்பதில்லை. 2007இல் ரோரிக், பெஸ்ஸா என்ற இரு ஆய்வாளர்கள் இறந்தோர் உடல்களில் சாயம் செலுத்திப் பார்த்தனர். சாயம் எங்கும் பரவாமல், தனித்தனி அறைகளுக்குள் தேங்கி நின்றது. கன்னத்தின் ஆழத்திலுள்ள அறைகள் மேலுள்ள தோலைத் தாங்குகின்றன. அவை வற்றும்போது மூக்கோரக் கோடு ஆழமாகிறது, கண்ணடி குழிகிறது. தோல் அந்த வேகத்துக்குச் சுருங்குவதில்லை. வயது ஏறிய, வெயிலில் காய்ந்த, புகைபிடிப்பவரின் தோலுக்கு அந்த மீள்தன்மை இன்னும் குறைவு.

2009இல் வெளியான, 186 ஜோடி ஒத்த இரட்டையர் பற்றிய ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. நாற்பது வயதுக்குக் கீழே, பருமன் கூடியவர் தம் இரட்டையரைவிட மூப்பாகத் தெரிந்தார். நாற்பதைத் தாண்டியவர்களிடம் இது தலைகீழானது: சற்றே சதைப்பிடிப்புள்ளவரே இளமையாகத் தெரிந்தார். மரபணு ஒன்றாக இருந்தும் தோற்றம் மாறியது. ஐம்பது வயதில் எடை குறைப்பவரின் கவலையை வீண் அலங்கார ஆசை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

இப்போதைய ஊசிகள் குறைக்கும் எடையும் சிறிதல்ல. 1961 பேர் பங்கேற்ற 'ஸ்டெப் 1' சோதனையில் செமாகுளுடைடு எடுத்தவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை இழந்தனர். 2022இல் வெளியான 'சர்மவுண்ட் 1' சோதனையில் டிர்செபடைடு என்ற மற்றோர் ஊசியின் உச்ச அளவு 72 வாரங்களில் 20.9 சதவீதம் குறைத்தது. 'ஸ்டெப் 1'இல் உடலமைப்பை அளந்த 140 பேரிடம் கொழுப்பு 19.3 சதவீதம் கரைந்தது. கூடவே தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையும் 9.7 சதவீதம் போயிற்று. கவனம் குவிய வேண்டிய இடம் இந்த இரண்டாவது எண்.

இந்த ஊசிகளால் பசி அடங்கியவர் தட்டில் முதலில் குறைவது பெரும்பாலும் பருப்பும் முட்டையும் மீனும்தான். இட்லியும் சோறும் தப்பிவிடுகின்றன. ஆரோக்கியமான பெரியவருக்கு நம் நாட்டுப் பரிந்துரை நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். எடை இறக்கும் காலத்தில் வல்லுநர்கள் பலர் 1.2 கிராமுக்கு மேல் கேட்கிறார்கள் (சிறுநீரக நோயாளிகளுக்கு இது பொருந்தாது). புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் உடல் தசையைக் காக்கும். கன்னக் கொழுப்பை அவை நிறுத்தி வைக்கும் என்று சொல்வது மிகை. அதற்கு உதவக்கூடியது, மருந்தின் அளவை நிதானமாக உயர்த்தி இறக்கத்தை மட்டுப்படுத்துவது.

தோலுக்கு வேறு காவல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 903 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் மூப்பு, விருப்பப்படி பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. விலை அதிகமான கொலாஜன் பொடிகளுக்கான சான்றைவிட இது வலுவானது.

இழந்ததை நிரப்பும் ஊசிகளும் உண்டு. எச்ஐவி மருந்துகளால் கன்னம் ஒட்டியவர்களுக்காகப் பாலி-எல்-லாக்டிக் அமிலத்தை அமெரிக்கா 2004இல் அனுமதித்தது. முகம் நோயைக் காட்டிக்கொடுத்ததால் கூனிக்குறுகியவர்களுக்கு அது மருத்துவமாகவே தரப்பட்டது. ஆனால் எடை இறங்கிக்கொண்டிருக்கும்போதே நிரப்பினால் கணக்கு தப்பும். எடை சில மாதம் நிலைத்த பிறகு செய்வதே முறை. நிரப்பும் பொருள் ரத்தக்குழாயை அடைத்துப் பார்வை பறிபோன நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் காரியமல்ல இது.

முகத்துக்காக மருந்தையே நிறுத்துபவர்களுக்கு ஒரு தகவல். 17,604 இதயநோயாளிகள் பங்கேற்ற 'செலக்ட்' சோதனையில் செமாகுளுடைடு இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் கூட்டு ஆபத்தை 20 சதவீதம் குறைத்தது. டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டதால், இந்தக் கேள்வி இங்கும் எழுகிறது. முதல் ஊசிக்கு முன்பே புரதம், பயிற்சி, வெயில், இறக்கத்தின் வேகம் ஆகிய நான்கையும் மருத்துவர் நோயாளியிடம் பேசி, முகத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஆறாம் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து அஞ்சி யாரும் மருந்தைக் கைவிட வேண்டியிருக்காது.